சேறு வழிக்கும் படி

எங்கள் பொன்னுரங்கம் மாமாவைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், அவரே குறுக்கே வந்து முதல் வரியைச் சொல்லிவிடுவார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, பந்தியில் பக்கத்து இலைக்குப் புது ஆள் வந்தால் போதும். இருபத்திரண்டு வருஷம் ஜீப்புப் படியில் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று தொடங்கிவிடுவார். சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். எதிராளி மெச்சவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் என் அக்கா இருசம்மாளின் வீட்டுக்காரர். நான் சிங்காரம். கடலூர் முதுநகரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வண்டிகளுக்கு சீட் கவர், பம்பர், கேரியர், ஏறும் படி எல்லாம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். வெல்டிங்கும் என் கைதான். எனக்கு வாய் நீளம், முன்கோபம் ஜாஸ்தி என்று குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. இல்லை என்று நான் வாதாடுவதில்லை. மாமாவின் இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். உள்ளே இடம் இருந்தும் வெளியே நிற்க வைத்தார்களே, இதில் பெருமை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று பொருமுவேன். ஆனால் அவர் சொல்வது அத்தனையும் நிஜம் என்பதும் எனக்குத் தெரியும்.

1986-ல் மாமா காண்டிராக்டர் மணவாளனிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஏரிக்கரை, வாய்க்கால் கரை, மண் ரோடு என்று எடுத்துச் செய்கிறவர் மணவாளன். எங்கே வேலை நடந்தாலும் முதலில் மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு லெவல் மிஷின் என்று ஒரு கருவி உண்டு. மாமா அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி நிற்பார். கரையில் மிஷினுக்குப் பின்னால் நிற்கிற இன்ஜினியர் ஒற்றைக் கண்ணால் பார்த்து அளவு சொல்வார். வேலை முடிந்து ஜீப் கிளம்பும்போது காண்டிராக்டரும் இன்ஜினியரும் முன்னால் ஏறிக்கொள்வார்கள். மிஷின் அதிரக் கூடாது என்று அதன் மரப்பெட்டியைத் தலையணை போட்டுப் பின் சீட்டில் வைப்பார்கள். மாமா வெளியே படியில் ஏறிக்கொள்வார்.

காலெல்லாம் சேறு, உள்ளே ஏறினால் சீட்டு பாழாகிவிடும் என்பது காரணம். சரி, மாசி, பங்குனியில் சேறே இல்லாதபோதும் ஏன் வெளியே நின்றீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். பழகிப்போச்சு என்றார். மணவாளன் கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார். அக்காவுக்குக் காமாலை வந்தபோது கேட்காமலே ஜீப்பை அனுப்பினார். எனக்கு ஆத்திரமே அதனால்தான். கெட்டவராக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்துபோயிருப்பேன்.

மாமா படியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்திருப்பார். மற்ற கை சும்மா தொங்கும். பள்ளம் வருவது டிரைவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர் முட்டி தளர்ந்துவிடும். ரோட்டோரத்து வேலிக்காத்தான் முள் முகத்துக்கு வரும்போது உடம்பை வண்டியோடு ஒட்டிக்கொள்வார். வண்டியைப் பின்னால் எடுக்கவும் கரையில் திருப்பவும் டிரைவருக்கு அவர்தான் கண். தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். அவர் தட்டாமல் அந்த ஜீப் நகர்ந்ததில்லை என்று சொன்னால் மிகையில்லை.

2004-ல் மாமாவின் மகள் அறிவுமதிக்குச் சிதம்பரத்தில் சிவில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் அதற்கு முன் இன்ஜினியர் என்று யாரும் கிடையாது. டாக்டருக்குப் படி, டீச்சருக்குப் படி என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவள் கேட்கவில்லை. அப்பா கோல் பிடிக்கிறார், மிஷினுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு என்ன படிப்பு என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்ட பெண் அவள். மார்க்கும் வாங்கினாள், இடமும் வாங்கினாள்.

கல்லூரியில் சேரும் நாளன்று மணவாளனுக்கும் சிதம்பரத்தில் வேலை இருந்தது. பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் ஏன் அல்லாட வேண்டும், ஜீப்பிலேயே வந்துவிடு என்று சொல்லிவிட்டார். நாங்கள் தெருவே கூடி நின்று வழியனுப்பினோம். அறிவுமதி பின் சீட்டில் மிஷின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் டிரங்குப் பெட்டியும் பாயும் தலையணையும் உள்ளே போயின. மாமா புது வேட்டி கட்டியிருந்தார். காலைக் கழுவிச் செருப்புப் போட்டிருந்தார். போய்ப் படியில் ஏறி நின்று இரண்டு தட்டு தட்டினார். எம் பொண்ணு ஜீப்புல உள்ள உக்காந்து காலேஜிக்குப் போனா என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

2008-ல் அறிவுமதி படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். முதல் மாதமே அப்பாவை மணவாளனிடம் பார்த்த வேலையை விட வைத்துவிட்டாள். அவள் ஊருக்குத் திரும்பியது தானே புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த காற்றில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஜனங்கள் நின்றார்கள். வீட்டுக் கூரையைப் பார்க்க வந்தவள் நாலு பேருக்கு நிலத்தை அளந்து கொடுத்தாள். நாலு நாற்பதாயிற்று. சென்னை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக சர்வே வேலை தொடங்கினாள். அவளுக்குக் கோல் பிடிக்க மாமாவே போனார். சேற்றுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் போய்வர வேண்டுமே என்று 2012 ஆவணியில் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஸ்கார்பியோ ஒன்றை வாங்கினாள்.

அதை அவளே ஓட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிறுத்தியபோது டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். நான் கடைக்குள்ளிருந்தே, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடும்மா என்று தேவையில்லாமல் சத்தம் போட்டேன். ஓட்டுவது என் அக்கா மகள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா.

வண்டி நல்ல உயரம். ஏறுவதற்குப் படி இல்லை. மாமாவுக்கு முட்டி வலி வந்து இரண்டு வருஷமாயிற்று. படி போடத்தான் அப்பாவும் மகளுமாக வந்திருந்தார்கள். அறிவுமதிக்கு அன்று கலெக்டர் ஆபீஸில் ஏதோ வேலை. அப்பாவுக்குத் தோதாக எது என்று பார்த்துப் போடுங்கள் மாமா, சாயங்காலம் வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

படி விஷயத்தில் பொன்னுரங்கம் மாமாவுக்கு யார் பாடம் எடுக்க முடியும்? நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பளபளவென்று இருந்த குழாய்ப் படியை அவர் கையால்கூடத் தொடவில்லை. ஈரக் கால் வைத்தால் ஆளை வாரிவிடும் என்றார். பிளாஸ்டிக் மேல்தட்டு போட்ட அலுமினியப் படியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போகிற வண்டிக்கு இது போதும் என்று தள்ளிவைத்தார். பூப்போட்ட இரும்புத் தகட்டைக் கொஞ்ச நேரம் யோசித்தார். கொள்ளிடத்துக் களிமண் அந்தப் பூவுக்குள் அப்பிக்கொண்டால் அப்புறம் பூவும் இல்லை, பிடிப்பும் இல்லை என்றார். படியை வண்டியின் பாடியில் மாட்டாதே, அடிச்சட்டத்தில் மாட்டு என்றார். ரொம்பத் தாழ்ந்து தொங்கினால் கரையிலிருந்து இறங்கும்போது முதல் இடி படிக்குத்தான் என்று வண்டிக்கு அடியில் படுத்துச் சாண் போட்டுக் காட்டினார். கடையில் வேலையாக நின்ற இரண்டு டிரைவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கடைசியில் எட்டு அங்குல அகலத்தில் தட்டையான படி, மேலே தடித்த ரப்பர் என்று முடிவாயிற்று. ஒரு பாதம் முழுசாகப் பதிந்து நிற்க எட்டு அங்குலம் வேண்டும் என்பது அவர் கணக்கு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்றார். கதவுக்கு மேலே வெளிப்பக்கமாக அதையும் வைத்தேன். வேலை முடிந்ததும் படியின் பலத்தைப் பார்க்க அவரை ஏறி நிற்கச் சொல்லி, நான் வண்டியைத் துறைமுகம் வரை ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். தலைமயிர் காற்றில் பறக்க, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து, ஐம்பத்தெட்டு வயது மனுஷர் சிரித்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் வேறு எதுவும் ஏறவில்லை.

சாயங்காலம் அறிவுமதி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். மேலே இருந்த கம்பியைத் தொட்டு, இது எதற்கு மாமா என்று கேட்டாள். அப்பா பிடித்துக்கொள்ளத்தான் என்றேன். ஏறும்போது பிடித்துக்கொள்வதற்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் சிதம்பரத்தைத் தாண்டி வல்லம்படுகைப் பக்கம் வேலை வந்தது. கொள்ளிடக் கரையோரம் ஓர் இறால் குட்டைக்கு மட்டம் பார்க்க வேண்டும். கரையில் வண்டி ஏறி இறங்கும்போது படி எங்காவது இடிக்கிறதா என்று பார்க்க நானும் போனேன். எங்கேயும் இடிக்கவில்லை. மாமா வழக்கம்போல அளவுகோலோடு இறங்கினார். அறிவுமதி மிஷினுக்குப் பின்னால் நின்றாள். அப்பா, இன்னும் பத்தடி தள்ளி என்று அவள் கத்தியதும் குட்டைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கோல் பிடிக்கிறவர் நெஜமாவே மேடத்துக்கு அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேடம் என்கிற வார்த்தையை இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது.

வேலை முடிந்தது. நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அறிவுமதி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். மாமா முட்டி வரை சேற்றோடு வந்தார். மிஷின் பெட்டியைத் துண்டால் துடைத்தார். முன் கதவைத் திறந்து பெட்டியை மகளுக்குப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டினார். கதவைச் சாத்தினார். படியில் ஏறினார். கம்பியைப் பிடித்தார். கூரையில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பவில்லை. என்ன, பேட்டரி போய்விட்டதா என்று நான் கேட்டேன். அவ்வளவுதான் என் புத்தி. அறிவுமதி அப்பா நின்ற பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அப்புறம் சாவியைத் திருகிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உள்ள வந்து உக்காருப்பா."

"காலு பூரா சேறும்மா. சீட்டு பாழாப்போவும். மெயின் ரோடு வரைக்கும் நின்னுகினே வரேன்."

"காலேஜில சேக்கப் போன அன்னைக்கு உன் காலு சுத்தமாத்தான இருந்துது? சிதம்பரம் போற வரைக்கும் கம்பியப் புடிச்சிருந்த உன் கையவே பாத்துகினு வந்தேன். வெள்ளாத்துப் பாலத்துல உன் வெரலு வெளுத்துப்போயிருந்துது. உள்ள வான்னு கூப்புட எனக்குத் தைரியம் இல்ல. அது அவுங்க வண்டி. இது என் வண்டிப்பா."

எனக்கு யாரோ மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்தக் காலையில் நானும் அங்கே நின்று கை காட்டியவன்தானே. எட்டு வருஷம் கழித்து, அவர் வசதியாக வெளியே நிற்கட்டும் என்று அளவெடுத்துப் படி செய்தவனும் நானேதான். மணவாளனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றுதான்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இறங்கவில்லை.

"இருவத்திரெண்டு வருஷம் நின்னவன்மா. ஒருநாளும் வுழுந்தது இல்ல. எனக்கு அது கேவலம் இல்ல."

"கேவலம்னு யாருப்பா சொன்னா? நீ நின்னதாலதான் நான் உக்காந்துருக்கேன். போதும்ப்பா. என் வண்டிக்கு வெளிய யாரும் நிக்க வாணாம்."

மகள் வண்டியை நான் சேறாக்க மாட்டேன் என்று மாமா ஒரே பிடியாகப் பிடித்தார். அவள் தன் ஷூவைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் அப்பியிருந்தது. நீ இன்ஜினியர், உனக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அப்பனும் மகளும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. முடிவில் மிஷின் பெட்டியை நான் என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். மாமா முன் சீட்டில் வெளிப்பக்கம் திரும்பி ஓரமாக உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்து, இரண்டு காலையும் வெளியே படிமேல் தொங்கவிட்டுக்கொண்டார். வண்டி முதல் கியரில் மெயின் ரோடு வரை ஊர்ந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் இறங்கி நின்று பார்த்தார்கள். வழியில் அடிபம்பில் காலைக் கழுவிய பிறகுதான் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். கம்பியைக் கழற்றுங்கள் மாமா என்பதுதான் அவள் முதல் பேச்சு. படியையும் மாற்ற வேண்டும். ஏறும்போதே காலில் இருக்கிற சேறு போய்விட வேண்டும், அப்பாவுக்குச் சாக்குச் சொல்ல இடமே இருக்கக் கூடாது என்றாள். நான் மறுபேச்சுப் பேசாமல் கம்பியைக் கழற்றினேன். அப்படியொரு படி என் கடையிலும் இல்லை, பாண்டிச்சேரியில் விசாரித்தும் கிடைக்கவில்லை. நானே செய்வதென்று ஒரு தகட்டை எடுத்து, வரிசையாகத் துளை போட்டு, துளையின் விளிம்பை மேல்நோக்கித் தட்டி எழுப்பினேன். வடை எடுக்கிற ஓட்டைக் கரண்டி மாதிரி இருந்தது. பாதத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் சேறு வழிந்து துளை வழியாகக் கீழே விழும். அகலத்தை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தேன்.

மாமா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். தகட்டைச் சட்டத்தில் வைத்து வெல்டிங் பிடிக்கப் போனேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். தகட்டின் வெளி ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு விரற்கடை கீழே அழுத்திக் காட்டினார்.

"மட்டமா வைக்காத மச்சான். வெளிப்பக்கம் இத்தனூண்டு சரிச்சி வையி. சேறும் நிக்காது. ஏறி எறங்கலாம், ஆனா ஓடற வண்டியில ஒரு ஆளு நிக்க முடியாது."

படியில் நிற்பது எப்படி என்று அவரைப் போலத் தெரிந்தவர் இந்த ஜில்லாவிலேயே இல்லை. நிற்க முடியாத படி எது என்பதையும் அவரால்தான் சொல்ல முடிந்தது. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுதேன். மறைக்க அது ரொம்ப வசதி.

சாயங்காலம் படி வண்டியில் ஏறியது. சரிவு அவர் சொன்னபடி ஒரு விரற்கடை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு அவர் காலில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. ஆனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் படியில் இரண்டு தடவை தேய்த்தார். ஏறி முன் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அறிவுமதி மிஷின் பெட்டியைக் கொடுக்க, மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் வண்டியைக் கிளப்பினாள். மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பழக்கத்தை மட்டும் விட முடியாது போலிருக்கிறது. விடவும் வேண்டாம்.

கார்த்திகையில் சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் நான் மாமாவுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து இலையில் மங்கலம்பேட்டையிலிருந்து வந்த யாரோ ஒரு புது மனுஷர். இருபத்திரண்டு வருஷம் என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம் பொண்ணு வண்டியில ஒரு ஆளு வெளிய நிக்க முடியாது. அந்தப் படி அளவு நாஞ்சொன்னது" என்றார் மாமா.

மங்கலம்பேட்டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். மாமா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.